இல்லாத புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு

பதினேழு அறிஞர்கள் மேற்கோள் காட்டிய ஒரு புத்தகத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான்தான் அந்தத் துறையின் நூலகர்.

இலக்கியத் துறை நூலகத்தில் இருபத்தாறு வருடங்களாகக் குப்பை கொட்டுகிறேன். எந்தப் பேராசிரியர் எந்தப் புத்தகத்தை எதுவரை படித்தார் என்பது எனக்கு அத்துப்படி. திரும்பி வரும் புத்தகங்களில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இருக்கும். பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டி டிக்கெட் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அறிஞர்கள் எல்லோரும் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறவர்கள்.

இதில் விதிவிலக்கு ஒரு பெண். ஆறு வருடங்களாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். துறையில் அவளுக்குக் ‘கம்ப்ளெயின்ட்’ என்று பெயர். அவள் யார் மீதும் புகார் சொன்னதில்லை. அவளது ஆய்வே புகார்களைப் பற்றியது. பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி, மின்சார அலுவலகம் என்று அலைந்து நாற்பத்தொரு புகார்ப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். ஆணியில் கயிறு கட்டித் தொங்குமே, யாரும் படிக்காத அந்த நோட்டுகள்தான். அவற்றில் ஜனங்கள் எழுதியிருக்கும் உரைநடையைப் பற்றி எழுதினாள். ‘மூன்றாம் வார்டில் ஃபேன் ஓடவில்லை. போன மாதமும் ஓடவில்லை என்று எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு இதைப் படிக்கவும்.’ இதை எழுதியவர் யாரோ ஒரு நோயாளி. எங்கள் துறையிலிருந்து இவ்வளவு தெளிவாக மூன்று வாக்கியம் வந்து பல காலம் ஆகிறது.

அவளுடைய நெறியாளர் எங்கள் துறைத்தலைவர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: முன்னுரை. யார் புத்தகம் போட்டாலும் அதற்கு முன்னுரை அவர்தான். சொந்தமாகப் புத்தகம் எழுத நேரம் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று அவரே வருத்தத்தோடு சொல்லிக்கொள்வார். வருத்தப்பட அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று நாங்கள் தேற்றிக்கொள்வோம்.

வினை ஆரம்பித்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். ஒரு இயலின் வரைவை அவசரமாக முடிக்கும்போது, ‘கோபத்தில் இருப்பவன் சுற்றி வளைத்து எழுதுவதில்லை’ என்று அவளாகவே ஒரு வாக்கியம் எழுதினாள். இதற்கு யாரையாவது சான்று காட்ட வேண்டும், நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் பொய்யாக ஒரு அடிக்குறிப்பைப் போட்டு வைத்தாள். எங்கள் தொழிலில் வரைவு எழுதும்போது எல்லோரும் செய்வதுதான். துணி தைக்கிறவர்கள் குண்டூசி குத்தி வைப்பதைப் போல. புத்தகத்தின் பெயர் ‘குறைகூறலின் இலக்கணம்’. பக்கம் 112. ஆசிரியர் பெயர் வேண்டுமே! அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசல் மணியை அடித்தார். ரசீதில் இருந்த அவருடைய பெயரையே ஆசிரியர் பெயராகப் போட்டுவிட்டு, மறக்காமல் எடுத்துவிட வேண்டும் என்று அந்த வரிக்கு மேல் பளிச்சென்று மஞ்சள் பூசி வைத்தாள்.

முன்னுரை அந்த வரைவை மின்னஞ்சலில் வாங்கி, அலுவலக பிரிண்டரில் அச்சடித்தார். எங்கள் அலுவலக பிரிண்டருக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும். மஞ்சள் மாயமாய் மறைந்தது. அடுத்த வாரம் ஒரு கருத்தரங்கில் அந்த இயலைத் தன்னுடைய தொடக்கவுரையாக அவர் வாசித்தார். மாணவியின் பெயரை விட்டுவிட்டார், அடிக்குறிப்பை விடவில்லை. திருட வந்தவர் அந்த வீட்டுக் குப்பைக்கூடையையும் சேர்த்தா தூக்கிக்கொண்டு போவார்?

விஷயம் தெரிந்து அவள் பதறிப்போய் அவர் அறைக்குப் போனாள்.

“சார், அந்த நூத்திப் பன்னெண்டாம் பக்க அடிக்குறிப்பு…”

“அருமையான புத்தகம்மா. நான் காலேஜ்ல படிக்கிறப்பவே அதைக் கரைச்சுக் குடிச்சாச்சு. நீயும் இன்னும் கொஞ்சம் ஆழமாப் படிக்கணும்.”

அவள் பேய் அறைந்தவளைப் போல நேரே என்னிடம் வந்தாள். நடந்ததைச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

தொடக்கவுரை அச்சில் வந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஐந்து பேர். ஒருவர் ‘இலக்கணத்தோடு நான் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்’ என்று தைரியமாக எழுதினார். வேறொரு ஊர்ப் பேராசிரியர் தன் கட்டுரையில் ஆசிரியர் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று சேர்த்தார். அதைப் படித்த இன்னொரு சங்கம் நினைவுச் சொற்பொழிவு ஏற்பாடு செய்து, ஆசிரியரின் புகைப்படம் கிடைக்குமா என்று எனக்குக் கடிதம் எழுதியது. கடிதம் வந்த அன்று காலைதான் எங்கள் தெருவுக்கும் வருகிற அந்த மனிதர் மாடிப்படி ஏறி சிலிண்டர் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கவுரை அச்சுக்குப் போன சமயத்தில், நூல் நமது நூலகத்தில் உள்ளதா என்று துறைத்தலைவரிடமிருந்து எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘அப்படி ஒரு நூல் உலகத்திலேயே இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் முன்னுரை. என் பணிநீட்டிப்புக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. ‘தற்போது அலமாரியில் இல்லை’ என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அந்தத் ‘தற்போது’ என்ன வேலை செய்தது என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த வருடம் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். பொய் அடிக்குறிப்பு அதில் இல்லை. ஒரு கல்லூரியில் ஐந்து வருடமாகத் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். அங்கே ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. அவளையே தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முனைவர் பட்டச் சான்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வாய்மொழித் தேர்வு அதே வாரம் செவ்வாய்க்கிழமை.

ஒரு வாரம் முன்பு புறத்தேர்வாளரின் அறிக்கை வந்தது. புறத்தேர்வாளர் வேறு யாருமில்லை, ‘மறைந்த’ என்று எழுதிக் கொன்றவர்தான். ஆய்வை மூன்று பக்கம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரு குறை: ‘இத்துறையின் அடிப்படை நூலான குறைகூறலின் இலக்கணத்தை ஆய்வாளர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.’

முன்னுரை அவளைக் கூப்பிட்டு வழி சொன்னார். “பின்னாடி ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிடும்மா. துணைநூற்பட்டியல்ல விட்டுப்போச்சுன்னு. ஒரே ஒரு வரி. அதுல என்ன குறைஞ்சுபோகப்போற?”

அன்று மாலை அக்காவையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அப்பா போன பிறகு வீடு அவள் சம்பளத்தில்தான் நின்றது. நின்று நின்று கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

“ஒரு வரிதானேடி. ஒட்டித் தொலையேன். ஆறு வருஷமா உன் தீசிஸுக்குச் சோறு போட்டு நான் ஓஞ்சுபோயிட்டேன்.”

“அந்த நாப்பத்தொரு நோட்டுல ஒருத்தர்கூடப் பொய் எழுதலக்கா. ஃபேன் ஓடலைன்னா ஓடலைன்னுதான் எழுதியிருக்காங்க. அவங்களைப் பத்தி எழுதிட்டு, கடைசிப் பக்கத்துல நான் ஒரு பொய்யை ஒட்டவா?”

“உனக்கு மட்டும் ஏன்டி எல்லாமே இப்படி?” என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்க சார்.”

நான் பேனாவைத் தேடுகிற பாவனையில் மேசைக்கு அடியில் குனிந்தேன்.

செவ்வாய்க்கிழமை கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. வாய்மொழித் தேர்வைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி; பிஸ்கெட்டும் டீயும் உண்டு என்பதால் எல்லோரும் வந்தார்கள். பின்வரிசையில் அக்கா, மடியில் டிபன் பையோடு. மேடையில் முன்னுரையும் புறத்தேர்வாளரும், ஒருவரை ஒருவர் ‘பேரறிஞர்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சாட்சிக்கு வேறு ஆள் இல்லாதபோது அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அவள் நாற்பது நிமிடம் பேசினாள். ஆஸ்பத்திரி நோட்டிலிருந்து ஒரு தகப்பன் எழுதிய புகாரை வாசித்தபோது, பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். புறத்தேர்வாளர் தொண்டையைச் செருமினார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா முன்னோடிகளை மதிக்காத ஆய்வு, அஸ்திவாரம் இல்லாத கட்டடம். இலக்கணத்தை ஏன் தொடலை?”

“ஐயா, அப்படி ஒரு புத்தகம் கிடையாது. மூணு வருஷம் முன்னாடி நானே வரைவுல தற்காலிகமா எழுதி வெச்ச பேரு அது.”

முன்னுரை தன் கைக்கடிகாரத்தை முதல்முறையாகப் பார்ப்பவரைப் போல உற்றுப் பார்த்தார்.

புறத்தேர்வாளர் சிரித்தார். “நீ எழுதின பேரா? அம்மா, அந்தப் புத்தகம் என் வீட்டுல இருக்கு.”

“அப்ப கொண்டு வாங்க ஐயா. நான் காத்திருக்கேன்.”

“இருந்தது. ஒரு மாணவன் இரவல் வாங்கிட்டுப் போனான். பச்சை அட்டை, துணி பைண்டிங். இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.”

இந்த இடத்தில் முன்னுரைக்கு நாக்கில் சனி புகுந்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் மற்றவர் படித்த புத்தகத்தைத் தான் படிக்கவில்லை என்று ஆகிவிடுமே! “பச்சையா?” என்றார். “சாதாக் காகித அட்டைதானே ஐயா? பழுப்பு நிறம்.”

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அகப்பட்டுக்கொண்டார்கள் என்று என் மனம் துள்ளியது. அறிஞர்களை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீங்க பார்த்தது ரெண்டாம் பதிப்பா இருக்கும்” என்றார் புறத்தேர்வாளர்.

“ஆமாமா, ரெண்டாம் பதிப்புதான்” என்றார் முன்னுரை. “முன்னுரைகூட விரிவா இருக்கும்.”

கூடமே தலையாட்டியது. இல்லாத புத்தகம், கண் எதிரே, மறுபதிப்பு கண்டது.

“ஏங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா எழுந்து நின்றிருந்தாள். “நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. எங்க கடையில வந்து இல்லாத மாத்திரையைக் கேட்டா, இல்லைங்கன்னு சொல்லுவோம். இருக்கு, நேத்துகூட நான் போட்டேன், கசப்பா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டோம். சொன்னா கடையை மூடிடுவாங்க. உங்க கடையை யாருங்க மூடுவாங்க?”

மாணவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்து, பயந்து அடங்கியது. முன்னுரை எழுந்து, தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது: என் முத்திரை.

“உணர்ச்சிவசப்பட வேண்டாம். நம்ம நூலகரே எழுத்துல குடுத்திருக்கார். ‘தற்போது அலமாரியில் இல்லை.’ தற்போது இல்லைன்னா என்ன அர்த்தம்? முன்னாடி இருந்திருக்கு. இல்லையா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. முடிவைத் தள்ளிவைத்திருப்பதாக அறிவித்து, டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு முன்னுரை ஒரு கடிதத்தோடு நூலகத்துக்கு வந்தார். அவளையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு நான் தேவைப்பட்டேன். அலுவலகத்தில் பட்டச் சான்று தட்டச்சாகித் தயாராக இருக்கிறது, இதில் கையெழுத்து விழுந்ததும் கொடுத்துவிடுவார்கள் என்றார். அவள் கடிதத்தைச் சத்தமாகவே வாசித்தாள்.

“‘தொடர்ந்த கடும் உழைப்பினால் ஏற்பட்ட மனச்சோர்வின் காரணமாக, ஏற்கெனவே இருக்கும் ஒரு நூலை நானே கற்பனை செய்ததாகத் தவறுதலாகக் கூறிவிட்டேன். அறிஞர் பெருமக்கள் மன்னிக்கவும்.’”

தாளை மேசையில் வைத்தாள். “எனக்குப் பைத்தியம்னு நானே எழுதித் தரணும். அவ்வளவுதானே சார்?”

“பைத்தியம்னு யாரும்மா சொன்னா? சோர்வு. நாகரிகமான வார்த்தை.” குரலைத் தாழ்த்தினார். “பதினேழு பேரோட மானம் இதுல இருக்கு. வேலை உனக்கு. பட்டம் உனக்கு. ஒண்ணரை மணி நேரம்தான் பாக்கி.”

“சார், வெளியில யாரும் இல்லை. உண்மையைச் சொல்லுங்க. அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?”

அவர் நெற்றியைத் துடைத்தார். “இப்ப அதுவாம்மா முக்கியம்?”

“எனக்கு அது ஒண்ணுதான் சார் முக்கியம். படிக்கலைன்னு இதே தாள்ல, உங்க கையால ஒரு வரி எழுதுங்க. நான் ஆயிரம் பேர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

அவர் எழுதவில்லை. அவள் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தாள். ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் படிவம். முடிவு அறிவிக்கும் வரை மாணவர் ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யலாம், நெறியாளர் மறுக்க முடியாது என்று விதிப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. எங்கள் வளாகத்தில் அந்தப் புத்தகத்தைக் கடைசி வரை படித்தது அவள் ஒருத்திதான். நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் சிறிய பெருக்கல் குறி போட்டு, அவர் முன் நகர்த்தினாள்.

முன்னுரையின் முகம் வெளுத்தது. காரணம் எனக்குத் தெரியும். முதுநிலைப் பேராசிரியர் பதவிக்கு எட்டு முனைவர்களை உருவாக்கியிருக்க வேண்டும். அவர் கணக்கில் ஏழு பேர். அடுத்த மாதம் நேர்காணல். இவள்தான் எட்டாவது.

“அம்மா, அவசரப்படாதே. உன்னை என் பொண்ணு மாதிரி…”

“அப்ப எழுதுங்க சார்.”

“திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடு.”

“எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்.”

அப்போதுதான் எனக்குச் சூடு சொரணை வந்தது. துறை முத்திரைத் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: ‘குறைகூறலின் இலக்கணம் என்னும் நூல் இந்நூலகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. அப்படி ஒரு நூல் எழுதப்படவே இல்லை என்பது மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியும்.’ கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

“யோவ், ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு உமக்கு” என்றார் முன்னுரை.

நான் தாளை அவளிடம் நீட்டினேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“செவ்வாய்க்கிழமை இது உங்க வாயிலதானே சார் இருந்துச்சு?” என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாலு மணி. முன்னுரை இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் ‘நான் படிக்கவில்லை’ என்று எழுத வேண்டும். பதவி கிடைக்கும், மாணவிக்கு வேலை கிடைக்கும், வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் நல்லபடியாக முடியும். இன்னொன்றில் எதுவுமே எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும். பதவி போகும், அவள் வேலையும் போகும். முப்பது வருடமாக எத்தனையோ பேரின் புத்தகங்களைப் படித்ததாகச் சொல்லி முன்னுரை எழுதியவர். கை எந்தப் பக்கம் போகும் என்று நான் பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன். அந்த மனிதர் தனக்கு ஆதாயமானதையாவது செய்வார் என்று நம்பிவிட்டேன். அவர் பேனாவைத் திறந்து, திரும்பப் பெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. தேதியும் போட்டார்.

“உன் பிடிவாதம்” என்று சொல்லிவிட்டு, எழுந்து போனார்.

நானும் அவள் பின்னாலேயே போனேன். ஆய்வுப் பிரிவில் மூன்று பிரதிகளைத் திருப்பிக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொன்றும் நானூற்று முப்பது பக்கம், கெட்டி அட்டை. அக்கா மருந்துக்கடையில் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வராந்தாவில் நின்றிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“போச்சா?”

“போச்சுக்கா.”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு மேலே இருந்த இரண்டு பிரதிகளை வாங்கி, குழந்தையைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒண்ணைக் குடுங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்” என்றேன்.

“வேண்டாம் சார். நாங்களே தூக்கிப்போம்” என்றாள் அவள்.

படி இறங்கும்போது அக்காவின் குரல் கேட்டது. யாருக்கும் பயப்படாத, கடை முழுக்கக் கேட்கிற குரல். “நாளைக்கே வேற ஊர்ல விசாரி. இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமா? ஆகட்டும், நான் எங்கே போகப்போறேன்? ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், பதிவு பண்றதுக்கு முன்னாடி அங்க இருக்கற கைடுக்குப் படிக்கத் தெரியுமான்னு நல்லாக் கேட்டுக்கோடி.”

துறைத்தலைவர் அறையின் ஜன்னல் அந்தப் படிக்கு நேர் மேலேதான் இருக்கிறது. உள்ளிருந்து யாரோ அதை இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டார்கள்.